கோடு இல்லாத கோப்பை

அவளுக்கு மூக்கி என்று பெயர் வைத்தது அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருந்தது. வீட்டிலும் வெளியிலும் அவள் மூக்கிதான். டீ டம்ளரை வாயில் வைக்கும் முன் மோந்து பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் சட்டையில் வியர்வை வாடை வந்தால் ஒரு சாண் விலகி உட்காருவாள். இன்னும் வந்தால் இன்னொரு சாண். சீட்டு முடிந்துவிட்டால் எழுந்து நின்றுகொள்வாள். அவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. நாறுகிறவர்தான் கூச்சப்பட வேண்டும் என்பது அவள் கட்சி.

இப்படிப்பட்டவள் போயும் போயும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். அங்கே பெட்ரோல், கிரீஸ், முந்தின ஆள் விட்டுப்போன வியர்வை, வாந்தி எடுத்தவர்கள் விட்டுப்போன ஞாபகம் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். ஆனால் ஆசைக்கு மூக்கு கிடையாது. பத்து வயதிலிருந்து அவளுக்கு வேறு ஆசையும் கிடையாது.

பயிற்சிப் பள்ளி அக்கா கணவருடையது. அவள் தங்கியிருந்ததும் அவர்கள் வீட்டில்தான். மாமா என்று கூப்பிடுவாள். இரண்டு சிறிய விமானங்கள், ஒரு தகரக் கொட்டகை, ஒரு அலுவலக அறை, ஒரு பெட்ரோல் வண்டி, அவ்வளவுதான் பள்ளி. முதலாளியும் தலைமைப் பயிற்சியாளரும் மாமாவே. எதையும் எதுகை மோனையோடு சொன்னால் உண்மையாகிவிடும் என்று நம்புகிற மனிதர். கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் அவர் எழுதி வைத்திருந்த வாசகம்: "கோடு இல்லை என்றால் கேடு இல்லை."

கோடு என்ன கோடு என்றால், இதுதான். விமானத்தின் இரண்டு இறக்கைகளிலும் ஒவ்வொரு டேங்க். இறக்கைக்கு அடியில் சின்ன வால்வு. தினமும் பறப்பதற்கு முன்னால் அந்த வால்வில் ஒரு கண்ணாடிக் கோப்பையை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோலுக்கு வெளிர்நீலச் சாயம் போட்டிருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் என்பதால் கோப்பையின் அடியில் தங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். கோப்பையை வானத்துக்கு நேராகத் தூக்கிக் கோட்டைத் தேடு, இல்லையென்றால் பற என்பது மாமாவின் பாடம். நூறு பேர் அப்படித்தான் படித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பெட்ரோல் போடுகிறவர் மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். எல்லோருக்கும் பெட்ரோல் அண்ணன். தன் வண்டியிலிருந்து தினமும் ஒரு கோப்பை பிடித்து, மோந்து பார்த்து, விரலை விட்டுத் தேய்த்து, மறுபடியும் மோந்து பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம் மூக்கிக்குக் குமட்டும். அவள் முறை வேறு. மூச்சை அடக்கிக்கொண்டு, கையை எட்டின மட்டும் நீட்டி, கோப்பையை வானத்தில் பிடித்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையில் வீசிவிடுவாள். முப்பத்தெட்டு மணி நேரம் பறந்தவள் ஒரு நாளும் அந்தப் பெட்ரோலை மோந்ததில்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ஜாதி.

சம்பவம் நடந்ததற்கு முந்தின இரவு முழுக்க மழை. காலையில் வானம் கழுவித் துடைத்தது போல நீலமாக இருந்தது. டேங்குகளை முந்தின மாலையே பெட்ரோல் அண்ணன் நிரப்பி வைத்திருந்தார். மூக்கி வலது டேங்கிலிருந்து ஒரு கோப்பை பிடித்தாள். நீலம், கோடு இல்லை. இடது டேங்கிலிருந்து பிடித்தாள். நீலம், கோடு இல்லை. மாமா அலுவலக வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். இருபதடி தூரத்திலிருந்து கோப்பையைக் காட்டினாள். அவர் பேச்சை நிறுத்தாமல் கட்டை விரலை உயர்த்தி, கையிலிருந்த படிவத்தில் டிக் போட்டார். அவள் கோப்பையைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள். மாமா போனை அணைத்துவிட்டு அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டே வந்து விமானத்தில் ஏறினார்.

அடுத்த வாரம் அவளுக்கு உரிமத் தேர்வு. அதற்கான கடைசிப் பயிற்சிகளில் ஒன்று அது. அரை மணி நேரம் வலது டேங்கில் ஒழுங்காகப் பறந்தார்கள். பிறகு வழக்கப்படி இடது டேங்குக்கு மாற்றினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எஞ்சின் இரண்டு முறை இருமியது, ஒரு முறை உதறியது, பிறகு நின்றுவிட்டது.

ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம். அவள் உடனே பழைய டேங்குக்கு மாற்றினாள், பம்பைப் போட்டாள், சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். எஞ்சின் ஒரு முறை செருமிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"ரோட்டுல இறக்கு, ரோட்டுல இறக்கு."

"ரோட்டுல லாரி போகுது மாமா. கம்பியும் இருக்கு."

அவளுக்கு வேறொரு இடம் தெரியும். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்புறம், வடிகட்டிய கசடைக் கொட்டிக் காயவைக்கும் பாத்திகள். தினமும் பஸ் அந்த வழியாகப் போகும்போது அரை கிலோமீட்டருக்கு முன்பே ஜன்னலைச் சாத்துவாள். சாத்திய ஜன்னல் வழியாக வெறுப்போடு பார்த்துப் பார்த்து அந்த இடத்தின் நீள அகலமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மரமில்லை, கம்பியில்லை, ஆளில்லை. பலகை போல மட்டம்.

மூக்கி விமானத்தைத் திருப்பினாள். மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏய், அது வேணாம். அது சாக்கடை."

உயிர் ஊசலாடும் நேரத்தில் அந்த மனிதருக்குத் தன் ஷூ ஞாபகம் வந்தது. அவள் கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்தினாள், பெட்ரோலை மூடினாள், வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பிடித்து, கறுப்புப் பாத்தியின் நடுவில் பின்சக்கரங்களை வைத்தாள். அழகான இறக்கம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள், அது உண்மைதான். மேலே காய்ந்திருந்த பொருக்கு உடைந்தது, சக்கரங்கள் புதைந்தன, முன்சக்கரம் முறிந்தது, கண்ணாடி முழுக்கக் கறுப்பாக எதுவோ வந்து அப்பியது. பிறகு எல்லாம் நின்றது.

கதவைத் திறந்தபோது உள்ளே வந்த நாற்றத்தை எழுதுவது எனக்கும் நல்லதல்ல, படிப்பவர்களுக்கும் நல்லதல்ல. இறங்கினால் தொடை வரைக்கும் போயிற்று. அது வெதுவெதுப்பாக இருந்ததுதான் அவளால் பிறகும் மறக்க முடியாத விஷயம். மாமா இறக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் வெளியே கொடுத்தார். நீள பூட்ஸ் போட்ட தொழிலாளர்கள் இரண்டு பேர் பலகையைப் போட்டு வந்து இருவரையும் இழுத்து வெளியே விட்டார்கள். அவர்கள் மூக்கைப் பொத்தவில்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் மாமா, வாயைத் துடைத்துக்கொண்டு.

மாலைக்குள் ஊர் முழுக்க அவள் பேச்சுதான். செய்தியில் அவள் படம். "பதறாத பெண் பைலட்" என்று ஒரு தலைப்பு. உரிமம்கூட இன்னும் கிடையாது, அதற்குள் பைலட். வீட்டில் அக்கா அவளைப் பின்வாசலோடு நிறுத்தி, உடைகளைக் கழற்றிப் பையில் கட்டி, மூன்று முறை குளிக்க வைத்தாள். மூன்று முறை குளித்தும் நகக்கண்ணில் வாடை இருந்தது.

மறுநாள் காலை பின்பக்கம் உட்கார்ந்து ஷூவைக் கழுவினாள். முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். தரையில் சிந்திய மண்ணெண்ணெயைத் துடைத்தாள். பிறகு தண்ணீர் விட்டாள். சிமெண்டில் தண்ணீர் கறுப்பாகப் பரவி, அப்படியே கிடந்தது. அவள் கை நின்றது.

விமானப் பெட்ரோல் சிமெண்டில் கிடக்காது. வீசினால் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். நேற்று அவள் கவிழ்த்த இரண்டாவது கோப்பை காயவில்லை. மாமா அதை மிதித்துக்கொண்டு வந்தபோது ஈரம். அவர் ஷூவின் தடம் விமானம் வரைக்கும் நாலைந்து இடத்தில் பதிந்திருந்தது. எஞ்சினைச் சூடாக்கி ஓடுபாதைக்குத் திருப்பியபோதும் அந்த ஈரம் அங்கேயே இருந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா போனாள். கோப்பையில் இருந்தது பெட்ரோலே இல்லை. முழுக்க மழைத்தண்ணீர். முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து வரும்? நீலம் வானத்தினுடையது. ஒரு முறை மோந்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாக்கடையில் நின்றபோதுகூட அவள் வாந்தி எடுக்கவில்லை. இப்போது ஷூவுக்குப் பக்கத்திலேயே எடுத்தாள்.

மாமாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"கோடு இருந்துச்சா?"

"இல்ல மாமா. ஆனா அது..."

"இல்லைல்ல? கேட்டா அதைச் சொல்லு. மத்ததை யாரு கேட்டா?"

"அப்ப தண்ணி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே."

"நாம சோதிச்சப்புறம் அந்த ஆளு வந்து டேங்க்கைத் திறந்து டாப்-அப் பண்ணியிருக்கான். வண்டில தண்ணி இருந்திருக்கு. நான் எழுதிக் கொடுத்தாச்சு."

"அண்ணன் காலையில விமானத்துப் பக்கமே வரலையே."

"நீ பாக்கலை. அவ்வளவுதான்." குரலை இறக்கிக்கொண்டார். "மூக்கி, பொய் சொல்லச் சொல்லல நான். கோடு இல்லைங்கிறது உண்மைதானே. உண்மையை மட்டும் சொல்லு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இடது டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது, மழை இறங்கும் என்று பெட்ரோல் அண்ணன் பராமரிப்பு நோட்டில் இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டு முறையும் மாமா அதன் கீழே "பார்ப்போம்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். மூக்கி அதைத் தன் கண்ணால் பார்த்தவள். மறுநாள் அலுவலகத்தில் பழைய நோட்டு தொங்கிய ஆணியில் புத்தம் புதிய நோட்டு ஒன்று தொங்கியது. அட்டையில் தூசிகூட இல்லை. மாமா அந்த நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த கண்ணைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அக்கா வேறு.

"ஒரு வார்த்தை குறைச்சுச் சொன்னா வாய் வெந்துடுமா? பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டா உன் மாமா எங்க போவாரு? நீ எங்க போவ? அடுத்த வாரம் டெஸ்ட்."

"அந்த அண்ணன் எங்க போவாருக்கா?"

"அவருக்கு எங்கயாவது ஒரு பெட்ரோல் பங்க்ல வேலை கிடைக்கும்."

"இப்படி ஒரு பேரு வாங்கினவருக்கு யாரு கொடுப்பா?"

அக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உனக்குத்தான் உலகமே நாறுமே. கொஞ்ச நாளைக்கு மூக்கைப் பொத்திக்கோ. பழக்கம்தானே உனக்கு."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனால் மூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதாநாயகியாக இருப்பது சுகமாக இருந்தது. பழைய டீச்சர் போன் செய்து அழுதார். ஒரு பத்திரிகை பேட்டி கேட்டது. எல்லோரும் அந்த இறக்கத்தைப் பற்றியே பேசினார்கள். இறங்க வேண்டி வந்ததே, அது யாரால் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. உரிமம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம், டெஸ்ட் முடியட்டும் என்று ஒரு குரல் அவளுக்குள்ளேயே மாமா மாதிரி பேசியது.

பெட்ரோல் அண்ணனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். விசாரணை அதிகாரி வரும் வரை அவர் தினமும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. கொட்டகைக்கு வெளியே இருந்த பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் அவள் குழாயடியில் கை கழுவும்போது எழுந்து வந்தார்.

"பாப்பா, அன்னைக்குக் காலையில நான் விமானத்துகிட்ட வரலை. நீ வெளியதானே நின்ன. உனக்குத் தெரியும்ல?"

அவர் உடம்பிலிருந்து எப்போதும் போலப் பெட்ரோல் வாடை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லண்ணே."

அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் சோப்பைப் போட்டு மறுபடியும் கை கழுவினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் அதிகாரி வந்தார். வழுக்கை விழுந்த, சத்தம் போடாத மனிதர். மாமாவின் அறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோரையும் ஒன்றாகவே கூப்பிட்டார். மாமா நாற்காலியில், மூக்கி பக்கத்தில், பெட்ரோல் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு. மாமா வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தார். அதிகாரிக்குக் குனிந்து குனிந்து ஊற்றினார். அந்த முதுகு அவ்வளவு வளையும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ரொம்ப நல்லா இறக்கியிருக்கீங்க" என்றார் அதிகாரி அவளிடம். "முதல்ல அதைச் சொல்லிடறேன். இப்ப, காலையில ரெண்டு டேங்க்லயும் சாம்பிள் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

"இடது டேங்க் சாம்பிள்ல கோடு இருந்துச்சா?"

"இல்ல சார்."

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதிகாரி எழுதினார். பேனா நின்றது.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

மின்விசிறி சுற்றியது. கதவோரத்திலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது பெட்ரோல் வாடை வந்தது. நாலு நாளாக வேலை இல்லாத மனிதர், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார், அப்படியும் அது அவரை விட்டுப் போகவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது அந்தக் கழுத்திலேயே தெரிந்தது. மூக்கிக்குத் தன்மேல் ஒரு குமட்டல் எழுந்தது. இதற்கு முன் அவளுக்கு யார்மேலும் அந்த அளவுக்குக் குமட்டியதில்லை.

"முழுக்கத் தண்ணியா இருந்தாலும் கோடு இருக்காது சார்" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். மாமாவின் கப் தட்டில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அதுல இருந்தது முழுக்கத் தண்ணி. வானத்துக்கு நேரா பிடிச்சதால நீலமா தெரிஞ்சுது. கீழ கொட்டினேன், காயவே இல்லை. நாங்க கிளம்புற வரைக்கும் ஈரம் இருந்துச்சு. அப்பவே புரிஞ்சிருக்கணும்."

"பயந்துபோயிருக்கா சார், உளர்றா" என்றார் மாமா.

"உங்க ஷூ தடம்கூட அதுல இருந்துச்சு மாமா."

அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். மாமா போனில் இருந்ததை, தூரத்திலிருந்தே டிக் போட்டதை, ரப்பர் வளையத்தைப் பற்றிப் பழைய நோட்டில் இரண்டு முறை எழுதியிருந்ததை, அண்ணன் அன்று காலை விமானத்தின் பக்கமே வராததை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். "நீங்க மோந்து பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"எனக்கு அந்த வாடை பிடிக்காது."

அதிகாரி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு உயிர் போகவிருந்ததற்கான காரணம் எழுத்தில் ஒரே வரிதான் வந்தது.

விசாரணை முடியும் வரை பள்ளியை மூடச் சொல்லிவிட்டார்கள். அவள் தேர்வு ரத்து. இனி எப்போது என்பது அதிகாரிகள் கையில். மாமா அவளைத் தாண்டிப் போகும்போது சட்டையை ஒதுக்கிக்கொண்டு போனார். அக்காவுக்குச் செய்தி போய்விட்டிருக்கும். அன்று ராத்திரி எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லை. ஆனாலும், சொல்லக் கூடாதுதான், அவள் மனம் லேசாக இருந்தது. பெட்ரோல் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கால் தானாகவே போயிற்று. அவர் என்ன சொல்வார் என்றுகூட ஒரு கற்பனை இருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் வண்டி. பூட்டப்போகிற பள்ளிக்கு எதற்கு என்று தெரியாமலே, பழக்கத்தில், ஒரு கோப்பை பிடித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஞாபகம் இல்லைன்னியே பாப்பா" என்றார், கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாண்ணே."

"அப்பவும் தெரியும்ல?"

"தெரியும்ணே."

அவர் தலையை ஆட்டினார். விரலைக் கோப்பையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மிச்சத்தைத் தரையில் ஊற்றினார். அது ஓடக்கூட இல்லை, அங்கேயே காய்ந்து போயிற்று. பிறகு மூக்கைச் சுளிக்காமல், கோப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் அவளிடமிருந்து ஒரு சாண் விலகி உட்கார்ந்தார்.